மரியாவின் மேசையும் அப்பிளின் பூட்டும்

திருத்துநரின் பெருமை பேசும் கணினி விளையாட்டொன்று 2019 செப்டெம்பரில் வெளிவந்தது. இலண்டன் கலைஞர்கள் ஆக்கிய அதன் பெயர் 'அசெம்பிள் வித் கெயார்'. பெல்லரிவா என்னும் கற்பனையூருக்கு வரும் மரியா, அவ்வூராரின் பழுதடைந்த கமராவையும் ஒலிநாடாக் கருவியையும் திருகாணி திருகாணியாகக் கழற்றிச் சீராக்குகின்றாள். பொருளோடு மனித உறவும் சீராகின்றது. நல்ல கதைதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால், அதனை மாதச் சந்தாவுக்கு முதலில் வழங்கியவர் யார்? அப்பிள் நிறுவனத்தார்! சாதாரணத் திருப்புளிக்கு அசையாத ஐயிதழ்த் திருகாணியால் தம் கைத்தொலைபேசியைப் பூட்டியவர்கள். பற்றரி தேய்ந்த தொலைபேசிகளின் வேகத்தை, வாங்கியோருக்கு அறிவியாமலே குறைத்தமைக்காக 2020 பெப்ரவரியில் பிரான்சில் 25 மில்லியன் யூரோ தண்டத்துக்கு உடன்பட்டவர்கள்.

மரியாவுக்கு வேண்டிய உதிரிப்பாகம் கைக்கெட்டிய தூரத்திலேயே கிடக்கும். தெருவோரத் திருத்துநனின் நிலை என்ன? விளையாட்டு வெளிவந்த அதே மாதத்தில் விற்பனைக்கு வந்த ஐபோன் 11இலே, இன்னொரு ஐபோனின் அசல் திரையைப் பொருத்தினாலும், அது அசலென உறுதிசெய்ய இயலாதென்று எச்சரிக்கை தோன்றிற்று. அவனது கைத்திறனைத் திரையிலே கொண்டாடி, கடையிலே அவனைக் கள்ளனாக்கும் இச்செயலை நாம் இரட்டை வேடமென்றே கூறுவோம். மேலும், இது கலைஞரின் குற்றமன்று. கலையை விலைக்கு வாங்குவோரின் குற்றம்.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் திருத்தும் உரிமைக் குரல் எழுந்த பின்னர், 2022 ஏப்ரிலில் பொதுமக்களுக்கு உதிரிப்பாகம் விற்க முன்வந்தார்கள். அப்போதும் கருவிப் பெட்டிக்கு வாரமொன்றுக்கு 49 டொலர் வாடகை கேட்டார்கள்.