சேற்று உள்ளானும் சோலை உள்ளானும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், வீராணம் ஏரிப் பாசனத்தில் சம்பா வயல்கள் சேறும் நீருமாகக் கிடக்கும். அப்போது வரப்பில் நடப்போரின் காலடியருகே, தவிட்டு நிறப் பறவை ஒன்று கரகரத்த குரலில் ஒரு முறை கத்திவிட்டு எழும். இடமும் வலமுமாக வளைந்து பறந்து நொடியில் மறையும். சிதம்பரம், கடலூர் வட்டாரத்துக் குடியானவர்கள் நன்கு அறிந்த உள்ளான் அதுதான்.

இதற்கு மலையில் ஒரு தாயாதி உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் அப்பறவையை ஆங்கிலேயர் 'வுட்காக்' என்பர். நாம் அதைச் சோலை உள்ளான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டும் நம் பக்கத்துக்கு விருந்தாளிகள். நம் வயலுக்கு வரும் ஊசிவால் உள்ளான் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. சோலை உள்ளான் இமயமலைக் காடுகளிலும் கூடு கட்டும்.

உறவு ஒன்றாயினும் உருவம் வேறு. வயல் உள்ளான் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மிகும். எடை நூறு கிராமை ஒட்டியது. சோலை உள்ளான் 300 கிராம் வரை தேறும். வயல் உள்ளானின் தலையில் கோடுகள் நெடுக்காக ஓடும். கோரைக்கும் நாற்றுக்கும் நடுவே அது பதுங்கினால் கண்ணுக்குப் புலப்படாது. சோலை உள்ளானின் உச்சந்தலையிலோ கோடுகள் குறுக்காக அமைந்துள்ளன. உடல் முழுவதும் காய்ந்த சருகின் நிறம். பகலெல்லாம் சருகோடு சருகாய்க் கிடந்து, அந்தி மயங்கியபின் ஓடைக்கரைக்கு இரை தேட வரும்.

இரண்டுக்கும் பொதுவான ஆயுதம் நீண்ட அலகு. அதன் நுனியில் நரம்புகள் செறிந்திருப்பதால், மண்ணுக்குள் இருக்கும் புழுவைக் காணாமலே உணரும்; அலகை முழுதும் திறவாமல் நுனியை மட்டும் விரித்துக் கவ்வும். ஆகவே இவற்றுக்கு வேண்டியது ஈரமும் மென்மையும் உள்ள மண். மண் இறுகினால் அலகு இறங்காது. பறவை பட்டினி கிடக்கும்.

வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு இவ்விரண்டும் வேட்டைப் பொருள்களாயின. ஆங்கிலத்தில் உள்ளானுக்கு 'ஸ்னைப்' என்று பெயர். 1770-களில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் உள்ளான் சுடுவதைப் பற்றிக் கடிதங்கள் எழுதினர். பிற்காலத்தில் மறைந்திருந்து மனிதரைச் சுடும் வீரனுக்கு 'ஸ்னைப்பர்' என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. வளைந்து பறக்கும் சிறு பறவையைச் சுட்டு வீழ்த்துவதே அக்காலத்தில் துப்பாக்கித் திறமைக்கு அளவுகோல்!

அந்தக் காலம் போயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆனால் சட்டம் துப்பாக்கியைத் தடுத்ததே ஒழிய, மண்ணை யார் காப்பது? மலையில் சோலைகளை அழித்துத் தேயிலையும் தைல மரமும் வளர்த்தனர். கீழே, வயல்கள் மனைகளாகின்றன. பூச்சிமருந்து சேற்றிலுள்ள புழுக்களையும் விட்டுவைப்பதில்லை. போதாக்குறைக்கு, வலைவீசிப் பிடித்த நீர்ப்பறவைகளை மறைவாக விற்போர் இருக்கிறார்கள். 'உடம்புக்கு நல்லது' என்று வாங்குவோரும் இருக்கிறார்கள்.

வாங்குவதும் குற்றமே என்பதை வாசகர்கள் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் சொல்ல வேண்டுகிறோம். ஒரு பறவையில் கிடைப்பது இரண்டு கவளம் இறைச்சி. அதற்காக, ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்த உயிரின் கழுத்தைத் திருக வேண்டுமா? மழை விட்ட ஒரு காலையில் பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளான் எழுந்து பறக்குமாயின், அந்த மண்ணில் இன்னும் புழு இருக்கிறது, ஈரம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த வாரம் காடையைப் பற்றிப் பேசுவோம்.