ஒட்டுப் போடுவதா? ஓரங்கட்டுவதா?

தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர் வரை, இராசிபுரம் வரை, குச்சிக்கிழங்கு விளையும் பூமியெங்கும் சேகோ ஆலைகள். நைலான் ஜவ்வரிசிக்கு ஆவி வேண்டும். புழுங்கல் அரிசிக்கும் ஆவி வேண்டும். ஆவிக்குப் பாய்லர் வேண்டும். அந்தப் பாய்லரின் தகட்டைத் துரு தின்றுவிட்டால்? ஒட்டுப் போட்டு ஓட்டுவதா, ஓரங்கட்டிவிட்டுப் புதியது வாங்குவதா? முதலாளி கணக்கேட்டைப் புரட்டுகிறார். நாம் கேட்கிறோம்: தகட்டை அளந்தீர்களா?

அளக்காத அவசரம் என்ன செய்யும்? 1865 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் சென்றது சுல்தானா என்ற நீராவிக் கப்பல். அதன் பாய்லர் தகடு வீங்கிக் கசிந்தது. தகடுகளை வெட்டி மாற்ற வேண்டும் என்றார் பழுது பார்க்க வந்த தொழிலாளி. தலைவனுக்கோ அவசரம், காத்திருந்த போர்வீரர்கள் தலைக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்குமே! மெல்லிய தகட்டை ஒட்டினார்கள். கப்பல் கொள்ளாத கூட்டத்தை ஏற்றினார்கள். ஏப்ரல் 27 அன்று வெடித்தது. மாண்டவர் ஆயிரத்துக்கும் மேல்! ஒட்டு ஒன்றே காரணமல்ல என வாதிடுவோர் உண்டு. ஆனால் தொழிலாளி சொன்னதைக் கேட்டிருந்தால், அந்த வாதத்துக்கே இடமிருந்திராது!

கண்ணால் பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது! 1905இல் அதே நாட்டின் பிராக்டன் நகரச் செருப்பாலையில் பழைய பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டனர். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைப்பினுள், கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருந்தது கீறல்.

நம் நாட்டில்? 1863இல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்து உயிர்கள் போயின. 1864இல் வங்கத்தில் சட்டம் வந்தது. 1923இல் இந்தியா முழுமைக்கும் சட்டம். அதன் இடத்தில் 2025இல் புதிய சட்டம். பிணம் முன்னே போகிறது, சட்டம் பின்னே வருகிறது! இடையில் 2020இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இருமுறை பாய்லர் விபத்து. அங்கே துருதான் காரணம் என நாம் கூறவில்லை. சட்டமும் அதிகாரிகளும் இருக்கும் பெரிய ஆலையிலேயே தொழிலாளி உயிர் போகிறது என்றால், சிற்றூர் ஆலையின் கதி என்ன என்று கேட்கிறோம்.

புதியது வாங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கூவுவது நம் வழக்கமல்ல. கணக்குப் போடச் சொல்கிறோம். 12 மில்லிமீட்டர் தகடு, பத்தாண்டில் 10 ஆகத் தேய்ந்தது என வைத்துக்கொள்வோம். அழுத்தத்தைத் தாங்கக் குறைந்தது 8 வேண்டும். மிச்சம் 2. ஆண்டுக்கு 0.2 தின்கிறது துரு. ஆயுள் 10 ஆண்டு. ஆனால் 5ஆம் ஆண்டிலேயே மீண்டும் அளக்க வேண்டும். இதே வேகத்தில்தான் தின்பேன் என்று துரு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை!

அங்கொன்று இங்கொன்றாகக் குழி விழுந்திருந்தால், பழுது பார்க்கலாம். கெட்டதை வெட்டியெடுத்து, அதே தரமும் கனமும் உள்ள தகட்டை, தேர்வு பெற்ற வெல்டரைக் கொண்டு பற்றவைத்து, நீர் நிரப்பி அழுத்திச் சோதிக்கலாம். ஆய்வாளரின் எழுத்து அனுமதியோடு! உடலெங்கும் தேய்ந்திருந்தால், கீறல் ஓடியிருந்தால், மாற்றுவதே வழி. எதைச் செய்தாலும் அரிப்பின் காரணத்தை ஒழிக்க வேண்டும். உள்ளே போகும் நீரில் கரைந்த ஆக்சிஜனை நீக்காவிட்டால், நாளை புதிய தகட்டையும் அது தின்னும்.

அல்ட்ராசோனிக் கருவி தகட்டின் கனத்தை வெளியிலிருந்தே சொல்லிவிடும். அந்த எண் எங்கே இருக்க வேண்டும்? முதலாளியின் மேசை இழுப்பறையிலா? இல்லை, தோழர்களே! பாய்லர் அறையின் சுவரில்! இன்றைய கனம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, அடுத்த அளவை என்று. மூன்று வரி போதும். அருகில் நிற்பவன் தொழிலாளி; வெடித்தால் முதலில் வேகிறவன் அவன். அவன் படிக்கக் கூடாத கணக்கு என்ன கணக்கு?

பாய்லரின் விலை கணக்கேட்டில் இருக்கிறது. அதன்முன் நிற்பவனின் விலை எந்த ஏட்டிலும் இல்லை. அதனால்தான் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம்: அளந்தீர்களா? அளவு எங்கே?