சிற்றாட்டப் பிரகடனம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒன்றுகூடிய நாங்கள், எட்டு பிட் எந்திரத்துக்குத் தமிழில் சிற்றாட்டங்கள் படைக்கும் இயக்கத்தை இன்று நிறுவுகிறோம். ஆடுவது மனிதரின் உரிமை. ஆட்டத்தைப் படைப்பதும் மனிதரின் உரிமை. இரண்டையும் மக்களிடம் மீட்டுத் தருவதே எங்கள் பணி.

ஓய்வின் விலை அறிந்த மண் இது. 1936 ஜூலை 30 அன்று, போராடிய சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுக் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அந்தப் போராட்டமே எட்டு மணி நேர வேலையை இங்கே சட்டமாக்கியது. உழைப்புக்கு எல்லை வகுத்தவர்கள் ஓய்வுக்கு உரிமை ஈட்டினார்கள். ரோடியர் மில் என்று பேட்டை அழைத்த இன்னோர் ஆலையான ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டது. சங்கொலி நின்றது, ஈட்டிய உரிமை நிற்கிறது.

அந்த ஓய்வைத்தான் இன்றைய ஆட்டத் தொழில் சூறையாடியது. கவனத்தைச் சரக்காக்கியது; ஆவலைக் கடனாக்கியது; குழந்தையின் பொழுதை விளம்பரத்துக்கு விற்றது. அதன் தோல்வி முழுமையானது. அதன் இடத்தை எளிமையும் நேர்மையும் நிரப்பும்.

1983-இல் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் எங்கள் களம். அதன் நகல்களே டிவி கேம் என்ற பெயரில், கேசட்டும் கையுமாக, நம் வீடுகளுக்கு வந்தன. 2 கிலோபைட் பணி நினைவகம், 256-க்கு 240 புள்ளித் திரை, ஒரு கிடைவரிசையில் எட்டு நகரும் உருவங்கள்: இதுவே அதன் செல்வம். எளிய கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், படத்துக்கு 8. 1985-இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் இந்த 40 கிலோபைட்டுக்குள் உருவானது. 2019-இல் மோர்ஃப்கேட் கேம்ஸ் என்னும் சிறு குழு, நால்வர் கூடி ஆடும் மைக்ரோ மேஜஸை அதே 40-க்குள் படைத்தது. எல்லை படைப்பின் இலக்கணம். செறிவு படைப்பின் அறம். ஏழு சீருக்குள் உலகை அடக்கிய மொழி அந்த இலக்கணத்துக்கு அஞ்சாது.

தமிழின் 247 எழுத்துகளும் இந்த எந்திரத்தில் அடங்கும். 1978-இல் தமிழ்நாட்டரசு ஆணையாக்கிய பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் துணைக்காலையும் ஐகாரக் கொம்பையும் சீராக்கி வழி திறந்தது. துணைக்காலையும் மூவகைக் கொம்பையும் தனியே பிரித்தால் 125 வடிவங்கள் போதும். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் வடிவத்துக்கு இரண்டு என்றால் 250 கட்டங்கள்; பின்னணிக்கு எந்திரம் தரும் இடம் 256. ஓர் ஆட்டத்தின் சொற்களுக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் ஏற்றினால் காட்சிக்கும் இடம் மிஞ்சும். ணகரத்தின் சுழிகளை எட்டுப் புள்ளி அகலத்தில் செதுக்குவது கடினம்; அந்தக் கடினமே எங்கள் முதல் பயிற்சி.

நாங்கள் ஏற்பவை:

சிறுமையின் மாண்பை ஏற்கிறோம். ஒரு மாலைக்குள் ஆடி முடிக்கலாம். ஒரு கோடை விடுமுறைக்குள் படைத்து முடிக்கலாம். இந்த அளவே சிற்றாட்டம்.

மகிழ்ச்சியின் முதன்மையை ஏற்கிறோம். தாவுதலில் துல்லியமும் தோல்வியில் நியாயமும் வேண்டும். தோற்றவர் தம் பிழையை உணர வேண்டும். உணர்ந்தவர் உடனே மறுபடி ஆட வேண்டும்.

மண்ணின் மரபை ஏற்கிறோம். மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் நடக்கும் போர், பதினான்கு குழிகளின் பல்லாங்குழிக் கணக்கு, பிரெஞ்சுக் காலம் விட்டுச்சென்று புதுவை தனதாக்கிய பெத்தாங்க் குண்டெறி ஆட்டம்: இவை அனைத்தும் எட்டுப் பொத்தான்களுக்குள் வரும்.

அறிவின் பொதுமையை ஏற்கிறோம். சிசி65 போன்ற கட்டற்ற கருவிகளால் எழுதுவோம். எழுதிய நிரலை எல்லோருக்கும் திறந்து வைப்போம். கற்றவர் கற்பிப்பார்; பெற்றவர் பகிர்வார்.

நாங்கள் மறுப்பவை:

ஆட்டத்துக்குள் சூதை மறுக்கிறோம். வெற்றிக்கு விலைச்சீட்டை மறுக்கிறோம். ஆடுபவரை வேவு பார்க்கும் நிரலின் ஒரு வரியும் எங்கள் கேசட்டில் இராது.

களவை மறுக்கிறோம். 9999 ஆட்டங்கள் என்ற மேலட்டைக்குள் ஒருசில ஆட்டங்களையே திரும்பத் திரும்ப அடுக்கி, படைத்தவர் பெயரை அழித்த வணிகத்தை நாங்கள் தொடரமாட்டோம். பிறர் பாத்திரம் பிறருக்கு. எங்கள் கற்பனை எங்களுக்கு. படைத்த ஒவ்வொருவரின் பெயரும் முதல் திரையில் தமிழில் நிற்கும்.

பழைமை ஏக்கத்தை மறுக்கிறோம். பழைய எந்திரம் எங்களுக்கு நினைவுச்சின்னம் ஆகாது. அது இன்றைய கருவி. இறந்த காலத்தைப் பூசிப்பவர்கள் அருங்காட்சியகம் அமைக்கட்டும். நாங்கள் பட்டறை அமைக்கிறோம்.

தனிமேதை என்னும் கட்டுக்கதையை மறுக்கிறோம். நிரல் எழுதுபவரும் புள்ளி வரைபவரும் ஐந்து ஒலித்தடத்தில் இசை அமைப்பவரும் ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் சிறுமியும் சம உரிமையுள்ள படைப்பாளிகள்.

ஓய்வுக்காகப் போராடிய ஊர் அந்த ஓய்வைப் பிறர் கையில் விடாது. பரணில் கிடக்கும் டிவி கேமை இறக்குங்கள். அது இல்லாதவர் கணினியில் எமுலேட்டரை நிறுவுங்கள். ஒரு கட்டம் வரையுங்கள். ஓர் உருவத்தை நகர்த்துங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஆடக் கொடுங்கள். பிறர் படைத்ததை ஆடி வளர்ந்த தலைமுறையே, இனி நீ படை, உலகம் ஆடட்டும்.