தாழிக்குள் இருக்கும் நெல்

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில், தென்னந்தோப்புகளின் அடியிலிருந்துதான் உறைகிணறும், செங்கல் சுவரும், தக்களியும், பெயர் கீறிய பானை ஓடும் வெளிவந்தன. 2014-15-ல் தொடங்கிய அகழாய்வு அது. ஆய்வுக்கு எடுத்த 70 எலும்புத் துண்டுகளில் பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு இவற்றினுடையவை.

பண்டைய எகிப்தியர் எதை விதைத்தனர், எதை உண்டனர் என்பதைக் கல்லறைச் சுவர்ச் சித்திரங்களே சொல்லிவிடுகின்றன. நமக்கு அப்படிப்பட்ட சுவர் இல்லை. நமது சாட்சியம் மண்ணுக்குள், பெரும்பாலும் சிறு விவசாயியின் நிலத்துக்குள் இருக்கிறது.

பழனி அருகே பொருந்தலில் ஒரு ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தனர். சிவகளைத் தாழி நெல்லுக்கு கி.மு. 1155 என்ற கணிப்பு 2021-ல் வெளியாயிற்று. காலம் கணிக்க மரக்கரியைவிட நெல்லே நல்லது. மரம் நூறாண்டு நின்றிருக்கலாம். நெல் ஒரு போகத்துப் பயிர்தானே!

ஆகவே ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கத்து விவசாயப் பெருமக்கள், கிணறு வெட்டும்போதோ மேடு திருத்தும்போதோ தாழி தட்டுப்பட்டால், புதையல் என்று உடைக்க வேண்டாம். உள்ளே உள்ள மண்ணைக் கொட்டிக் கழுவவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ தெரிவியுங்கள்.

சொன்னால் நிலம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதே. தாழியைக் காட்டியவருக்கு ஒரு போகம் தடைப்பட்டால், அதற்குரிய ஈட்டை அலைக்கழிக்காமல் உடனே தர வேண்டும் என்பது என் கருத்து. சட்டத்தை மட்டும் காட்டினால், தாழிகள் இரவோடு இரவாக டிராக்டர் கலப்பைக்குத்தான் இரையாகும்.