ஆற்றுப்படையும் கூலிப்பேச்சும்

பரிசில் பெற்ற பாணன் பெறாதவனைக் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துவது பெரும்பாணாற்றுப்படை. அதே தொண்டை மண்டலத்தின் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று ஒரகடம் வரை ஆலைகள். அங்கே இயந்திரக் கையேடுகளைத் தமிழாக்கித் தர முனையும் என் மாணவர்கள், "எவ்வளவு கேட்கலாம் ஐயா?" என்கின்றனர்.

ஆற்றுப்படையின் முறையே விடை. முன்பு அந்நிறுவனத்திற்குப் பணி செய்தவரை முதலில் விசாரியுங்கள். பின், ஒதுக்கியுள்ள தொகையைக் கூச்சமின்றிக் கேளுங்கள். குறைவெனில் பணியின் அளவைக் குறையுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். மலிவு அவசரத்தையும், அவசரம் பிழையையும் ஈனும். எச்சரிக்கை வாசகத்தில் நேரும் பிழைக்குத் தொழிலாளியின் விரலே விலையாகலாம்.

ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். உத்யம் பதிவுள்ள குறுந்தொழிலருக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, 45 நாளுக்கு மேல் தவணை சொல்லலாகாது. பாணனுக்கு வாய்க்காத காப்பு இது.