இணையக் கூடையும் ஆரணிப் பட்டும்

அறிவியல் வளர வளர வாணிகத்தின் வழிகளும் மாறி வருவது கண்கூடு. கடைக்குச் சென்று, பாயில் அமர்ந்து, சேலையைத் தடவிப் பார்த்து, விலை பேசி வாங்கிய காலம் போய், கைப்பேசியில் படம் பார்த்துப் பட்டு வாங்கும் காலம் வந்துவிட்டது. 'கூடையில் சேர்' என்னும் பொத்தானை அழுத்தாதவர் நம்மில் யார்? அந்தக் கூடை எவ்வாறு இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? தறியை நம்பி வாழும் ஊரில் பிறந்த நாம் அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

கடைகளில் தள்ளிச் செல்லும் கூடை வண்டி 1937-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் தோன்றியது. கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்ட சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் அதற்குச் சக்கரம் வைத்தார். (இதில் இரக்கம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!)

இணையத்தில் சிக்கல் வேறு. இணையத்திற்கு ஞாபகமறதி உண்டு. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போனால், நம்மை முன்பின் அறியாதவராகவே அது நடத்தும். அப்படியானால் முதற்பக்கத்தில் எடுத்து வைத்த சேலை என்ன ஆவது? 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சைக்கிள் ஸ்டாண்டில் நமக்குத் தரும் டோக்கனைப் போல, கடை நமக்கு ஓர் எண் தருகிறது. நம் கருவி அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் காட்டுகிறது. எண்ணைக் கண்டதும் கடை நம் கூடையை எடுத்துத் தருகிறது. அந்த டோக்கனுக்குக் 'குக்கி' என்று பெயர்.

பிறகு மென்பொருள் வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டி, பணம் செலுத்தும் வேலையை வங்கி வழிக்கு விட்டுவிடுகிறது. வங்கி 'பணம் வந்தது' என்று சொன்ன பின்புதான் இருப்பில் ஒன்று குறைகிறது. கூடையில் சேர்த்தவுடனேயே சேலை நமக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் அவ்வாறில்லை.

இங்கேதான் கைத்தறிக்கு இடர் வருகிறது. அமேசான் 1995-இல் விற்கத் தொடங்கியது புத்தகங்களை. ஒரு பிரதி போனால் அதே போல இன்னொன்று. நம் ஆரணி அரிசிகூட அப்படித்தான், ஒரு மூட்டை போனால் மறுமூட்டை. பட்டுச்சேலையோ ஒரு பாவில் சிலவே வரும். அவற்றிலும் நிறமும் முந்தியும் வேறு வேறாக இருக்கும். அதே சேலையை நேரில் வந்தவருக்கு மாலையில் விற்றுவிட்டு, இணையக் கணக்கைத் திருத்த மறந்தால், ஒரே சேலைக்கு இருவர் பணம் கட்டிவிடுவார்கள். ஆகவே கடை நோட்டும் இணையக் கணக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

'ஒன்றே ஒன்றுதான் மீதம், விரைந்து வாங்குங்கள்' என்று சில தளங்கள் பொய்யாக அவசரப்படுத்துகின்றன. நாம் கேளாத பொருளைக் கூடைக்குள் நுழைப்பனவும் உண்டு. இவ்விரண்டையும் 2023-இல் மைய அரசின் நெறிமுறைகள் தடை செய்தன. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றுகிறது: ஆலைத் துணிக்குப் பொய்யாகும் அந்த 'ஒன்றே ஒன்று' நம் நெசவாளரின் சேலைக்கு மெய்யாகவே பொருந்தும்.

பெரிய குறை இதுவன்று. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. எனினும் அந்தப் பெயரில் இணையத்தில் வருபவை எல்லாம் ஆரணியில் நெய்தவையா, பட்டுத்தானா? என் சித்தி அவ்வாறு ஒன்றை வாங்கினார். அம்மா ஓரத்து இழை ஒன்றை எடுத்துக் கொளுத்திப் பார்த்தார். அசல் பட்டு, முடி கருகும் வாடையுடன் எரிந்து, நொறுங்கும் சாம்பலாகும். இதுவோ உருகி உருண்டையாகிவிட்டது. கைப்பேசித் திரையில் இழையைக் கொளுத்திப் பார்க்க முடியுமா? அதனால்தான் 2004-இல் வந்த 'சில்க் மார்க்' முத்திரையைப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

இணையத்தால் கடைத்தெரு அழியும் என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்கள் அச்சத்தை நான் இகழவில்லை. ஆனால் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸே இன்று இணையத்திலும் விற்கிறது. 2011-இல் வந்த 'வூகாமர்ஸ்' போன்ற கூடை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நெசவாளர் சங்கமோ, கணினி கற்ற நம் அக்காமார்களோ முயன்றால் அதைக் கொண்டு கடை நடத்தலாம்.

அப்படி நடத்தும்போது ஒன்று கேட்பேன். ஆயத்த மென்பொருளில் நிறம், அளவு, எடைக்கெல்லாம் கட்டம் இருக்கிறது. ஆறு கெஜச் சேலைக்கும் 'சிறியதா, பெரியதா' என்று கேட்கும் தளத்தை நானே பார்த்திருக்கிறேன்! நெய்தவர் பெயருக்கும், கைத்தறியா விசைத்தறியா என்பதற்கும், நெய்ய எத்தனை நாள் ஆனது, கூலி எவ்வளவு என்பதற்கும் கட்டங்கள் இல்லை. புதுக்கட்டம் சேர்ப்பது அம்மென்பொருளில் சில நிமிட வேலைதான். ஆரணியிலிருந்து எழும் முதற்கடையிலேயே அவை இருக்கட்டும். கூலிக் கட்டத்தை நிரப்பக் கூச்சப்படும் முதலாளிகள் இருப்பார்கள். அவர்களுக்காகவே அந்தக் கட்டத்தை மேலே வைக்க வேண்டும் என்பேன்.