பெயரில் உள்ள தில்லியும் நீரில் உள்ள ஜீனும்

நமது தலைநகரின் பெயரைத் தாங்கிய ஜீன் ஒன்று உலகெங்கும் பேசப்படுகிறது. புதுதில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம், 2008-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில், கார்பபெனெம் என்னும் வலிமை மிக்க மருந்துகளுக்கும் அடங்காத க்ளெப்ஸியெல்லா பாக்டீரியா காணப்பட்டது. அம்மருந்துகளைச் சிதைக்கும் நொதிக்கு ‘புதுதில்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்’ என 2009-இல் பெயரிட்டனர். மறு ஆண்டில் இப்பெயரைக் குறித்து நம் நாட்டில் பலத்த ஆட்சேபம் எழுந்தது. ஒரு நகரத்தின் மீது பழி சுமத்தும் பெயர் தகாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், பெயரைப் பற்றிக் காட்டிய சிரத்தையை அந்த ஜீன் பயணம் செய்யும் வழியைப் பற்றியும் நாம் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

அவ்வழி யாது? பாக்டீரியாவின் டி.என்.ஏ.யில் சில துண்டுகள் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. பெரும்பாலும் இவற்றின் இரு முனைகளிலும், ஒன்றற்கொன்று தலைகீழாக ஒத்த குறுகிய வரிசைகள் உண்டு. இடையே ‘டிரான்ஸ்போஸேஸ்’ என்னும் நொதியை ஆக்கும் ஜீன் உண்டு. அந்நொதி முனைகளை அடையாளம் கண்டு பற்றி, இழையை வெட்டி, வேறோரிடத்தில் பொருத்துகிறது. சில வகைகளில் துண்டே பெயர்ந்து செல்லும். சிலவற்றில் அதன் பிரதி செல்லும். இவற்றைத் ‘தாவும் ஜீன்’ என எழுதுவோர் உண்டு. தாவுதல் என்றால் தானே விரும்பிச் செய்வது என மாணவர் எண்ணிவிடுவர். ஆதலின் அந்நொதியை ‘இடமாற்ற நொதி’ என்றே மொழிபெயர்க்கலாம். இடமாற்றம் இன்னதென்று அரசு ஊழியர்க்கு விளக்க வேண்டியதில்லை! வேறுபாடு ஒன்றே: இத்துண்டு தன் இடமாற்ற உத்தரவைத் தானே சுமந்து திரிகிறது.

இத்தகைய இரு துண்டுகள் ஒரு ஜீனின் இருபுறமும் அமைந்துவிட்டால், நடுவிலுள்ள ஜீனும் உடன் பெயரும். அஸினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவில் தில்லி ஜீன் இவ்வாறே இரு துண்டுகளுக்கு நடுவே காணப்படுகிறது. க்ளெப்ஸியெல்லா முதலியவற்றில் பெரும்பாலும் அத்துண்டின் சிதைந்த மிச்சம் மட்டும் ஜீனின் முன்னே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வந்த வழியின் சுவடு.

இடமாற்ற நொதி ஒரு செல்லுக்குள்ளேயே வேலை செய்வது. ஆனால், பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் அது ஜீனை ஏற்றிவிட்டால், அவ்வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லும். 2011-இல் வெளியான ஆய்வொன்றில், புதுதில்லியில் எடுத்த 171 கசிவுநீர் மாதிரிகளுள் 51-இலும், 50 குடிநீர் மாதிரிகளுள் 2-இலும் இந்த ஜீன் இருந்தது. இப்பரிமாற்றம் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிகுந்து நிகழ்ந்தது என்றும் அவ்வாய்வு கூறிற்று. நம் ஊர்களில் தேங்கி நிற்கும் நீர் எளிதில் எட்டக்கூடிய வெப்பம் அது.

மருந்துகளைக் கண்டபடி உண்பதைத் தடுத்தாலே போதும் என்பர் சிலர். அது பாதி உண்மை. மருந்து ஏனைய பாக்டீரியாக்களைக் கொன்று, எதிர்ப்பு பெற்றதைப் பெருக விடுகிறது. இதனைக் கருதியே கார்பபெனெம் உள்ளிட்ட மருந்துகளின் விற்பனையை மைய அரசு 2013-இல் ‘எச்-1’ அட்டவணையின் மூலம் கட்டுப்படுத்தியது. ஆனால் இடமாற்ற நொதி மருந்துக்காகக் காத்திருப்பதில்லை. பலவகை பாக்டீரியாக்கள் கலந்து வாழும் சாக்கடையே அவற்றின் சந்தை. மருந்துக் கடையைக் கண்காணித்துவிட்டுச் சாக்கடையை மறப்பது, முன்வாயிலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைப்பதாகும்.

ஆகவே களப்பணியாளர்கள், குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டிச் செல்லும் இடங்களையும் கசியும் இணைப்புகளையும் நோய்த் தடுப்புப் பணியாகவே கருதிக் குறித்து அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள், எதிர்ப்பு பெறுவது மனித உடல் அன்று, பாக்டீரியா என்பதையும், அந்த எதிர்ப்பு நீர்வழியே ஊர் சுற்றும் என்பதையும் வகுப்பில் தெளிவுறுத்த வேண்டும். பெயரை மாற்றுவதால் ஜீன் நின்றுவிடாது. அதன் வழியை அடைத்தால் அதன் பயணம் தளரும்.